வெளிச்சத்தில் சிக்கனம்

அந்த அக்கா யாரையும் மூன்று நொடிக்கு மேல் பார்த்து நான் கண்டதில்லை. பேசும்போது கண் நம் முகத்தில் வந்து உட்காரும், உடனே எழுந்து போய்விடும். முதலில் திமிர் என்று நினைத்தேன். பிறகு கூச்சமாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை, சிக்கனம் என்று புரிவதற்குள் ஒரு வருடம் ஓடிவிட்டது.

பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரு போட்டோவுக்கு நிற்காதவர், பெயர் அச்சில் வந்தால் சும்மா விடுவாரா? தூத்துக்குடியில் கடலுயிர்களை ஆராய்கிற ஒரு நிலையத்தில் தரைத்தளத்துக் கடைசி அறை அவருடையது. அந்த அறையில் இருந்த பெரிய நுண்ணோக்கியை இயக்குவது அவர் வேலை. சாதாரண நுண்ணோக்கி இல்லை, லேசர் ஒளியில் முப்பரிமாணப் படம் எடுப்பது. அதனால் எல்லாருக்கும் அவர் 'லேசர் அக்கா'. நான் அங்கே முத்துச்சிப்பியை வைத்து முனைவர் பட்டத்துக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவன். என்னைவிட அவருக்கு இரண்டு மூன்று வயது கூடுதல் இருக்கும், அவ்வளவுதான். நான் அக்கா என்பேன், அவர் சார் என்பார்.

நிலையத்துக்கு வெளியே உப்பளம். சித்திரை மாதத்து மத்தியானத்தில் அந்தப் பக்கம் திரும்பினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும், அப்படி ஒரு வெள்ளை. அங்கிருந்து இருபது முப்பது அடி நடந்து, அக்கா தன் கையால் தைத்துத் தொங்கவிட்ட இரண்டு கறுப்புத் திரைகளை விலக்கிக்கொண்டு உள்ளே போனால், பகல் பன்னிரண்டு மணிக்குக் கும்மிருட்டு. ஏசியின் பச்சைப் புள்ளி, கம்ப்யூட்டரின் நீலப் புள்ளி எல்லாவற்றின் மேலும் கறுப்பு டேப் ஒட்டியிருக்கும். என் கைக்கடிகாரத்தின் முள் மினுங்குகிறது என்று ஒருநாள் அதைக் கழற்றி வாங்கி டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டார். பிறகு பழகிப்போனது. அந்த அறையில் சும்மா உட்கார்ந்திருந்தாலே உடம்பு லேசாகிவிடும். மாடியில் யாராவது நாற்காலியை இழுத்தால், தலைக்கு மேலே வெகு உயரத்தில் ஒரு வள்ளம் போவதுபோலக் கேட்கும். நாம் கடலுக்கு அடியில் இருக்கிறோம் என்று தோன்றும்.

அந்த இயந்திரம் செய்வது இதுதான். ஒரு துளிச் சதைக்குச் சாயம் ஏற்றுவோம். சும்மா பார்த்தால் அதில் ஒன்றும் தெரியாது. அதற்கு ஏற்ற நிறத்தில் ஒளியைப் பாய்ச்சினால் சாயம் விழித்துக்கொண்டு தன் நிறத்தில் ஒளிரும். செல்லின் கரு நீலம், செல்லின் விளிம்பு பச்சை. இயந்திரம் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மட்டத்தைத்தான் பார்க்கும். அந்த மட்டத்துக்கு மேலிருந்தும் கீழிருந்தும் வருகிற வெளிச்சத்தை ஓர் ஊசித்துளை வெளியிலேயே நிறுத்திவிடும். ஒரு மட்டம் எடுத்தாயிற்றா, தலைமுடியின் பருமனில் நூறில் ஒரு பங்கு கீழே இறங்கி அடுத்த மட்டம். எங்கள் அப்பாவுக்கு எட்டயபுரத்தில் ஜவுளிக்கடை. அலமாரியில் அடுக்கியிருக்கிற சேலைகளை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்துவிட்டு, கலையாமல் அதே வரிசையில் திரும்ப அடுக்குகிற மாதிரி. எல்லா மட்டத்தையும் கம்ப்யூட்டர் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால், அந்தத் துளிச் சதை திரையில் முழு உருவமாக எழுந்து நிற்கும். கத்தி படாமல் அதற்குள் நுழைந்து வெளியே வரலாம்.

இதில் ஒரே ஒரு வில்லங்கம் உண்டு. சாயம் ஒளிர்வதற்கு ஓர் அளவு இருக்கிறது. வெளிச்சம் படப்பட அது களைத்து மங்கும். மங்கியது மங்கியதுதான், திரும்பி வராது. நாம் பார்க்கிற பார்வையே அதைத் தீர்த்துக்கொண்டிருக்கும்.

இது இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த பாடம். பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்துபோகிறவர்கள்தான் நாங்கள் எல்லாரும். அக்கா ஒருவர்தான் அதை வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போனவர்.

"போதும் சார். பாத்தாச்சுல்லா?" இதுதான் அவர் வாயில் அதிகம் வருகிற வார்த்தை. நான் ஆவலோடு திரைக்குப் பக்கத்தில் குனிவேன். டக்கென்று ஒளியை மூடிவிடுவார். மேற்கொண்டு பார்க்க வேண்டுமானால் எடுத்த படத்தைப் பார்க்க வேண்டும். நிஜத்தைப் பார்க்க முடியாது.

நான் வளர்ந்தது இதற்கு நேர்மாறான வீட்டில். அப்பா கடையில் ஓர் ஆள் உள்ளே நுழைந்துவிட்டால், வாங்குகிறாரோ இல்லையோ, முப்பது சேலையை விரித்துப் போடாமல் விட மாட்டார். விரித்த சேலையின் மேல் இன்னொன்றை வீசுவார். அது ஒரு கலை. வந்தவர் கண் அகலமாவதில் அப்பாவுக்கு ஒரு சந்தோஷம். அந்த ரத்தம்தான் எனக்கும். எனவே எனக்கும் அக்காவுக்கும் முதல் ஆறு மாதம் பேச்சுவார்த்தை சரியில்லை.

அக்காவின் கணவர் கப்பலில் எஞ்சின் வேலை. போனால் ஒன்பது மாதம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வீடியோவில் கூப்பிடுவார். அக்கா போனை டிபன் பாக்ஸில் சாய்த்து, மேலே பார்த்தபடி வைத்துவிட்டுச் சாப்பிடுவார். எந்தக் கடலிலிருந்தோ அந்த மனிதர் எங்கள் சாப்பாட்டு அறை ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஏளா, மூஞ்சியக் காட்டேன். ஃபேன எங்க கப்பல்லயே பாத்துக்கிடுதேன்."

"சாப்பிட்டீகளா? அதச் சொல்லுங்க மொதல்ல."

பேசி முடித்து வைக்கும் நேரத்தில்தான் போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடிப்பார். ஒன்று, இரண்டு, மூன்று. கட் பண்ணிவிடுவார். நாங்கள் அத்தனை பேரும் சோற்றைப் பார்ப்பதுபோல நடித்துக்கொண்டிருப்போம்.

அக்காவின் தம்பி தருவைகுளத்திலிருந்து சங்கு குளிக்கப் போகிறவர். அவர் ஒருநாள் என்னிடம் சொன்னார்: "அத்தான் லீவுல வந்தா ரெண்டு நாளைக்கு அக்கா அவரப் பாக்காது சார். சோறு வைக்கும், அங்கிட்டுத் திரும்பி நிக்கும். அவரு கப்பலுக்குப் போன பொறவு அவரு உக்காந்த சேரப் பாத்துக்கிட்டே இருக்கும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த வெறும் சேர்தான் கண் முன்னால் நின்றது.

மாதா கோயில் திருவிழாவில் சப்பரம் வந்த அன்று நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். தெருவே அண்ணாந்து நிற்கிறது. அக்கா தெருமுனையில் ஒருமுறை பார்த்துக் கும்பிட்டுவிட்டு, சப்பரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிர்க்கடையில் முந்திரி மக்ரூன் வாங்கிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, சப்பரம் இங்கன போகுது, நீங்க அங்கன பாத்துக்கிட்டு நிக்கீக?"

"பாத்துட்டேன் சார். வருசம் பூரா வேணும்லா."

மக்ரூன் வாங்குவதும் மக்ரூனுக்காக மட்டும் இல்லை. அந்த அட்டைப் பெட்டி வேண்டும். உள்ளே கறுப்புத் தாள் ஒட்டி, எங்கள் மாதிரிகளை வெளிச்சம் படாமல் அதில்தான் வைத்து ஃபிரிட்ஜில் அடுக்குவார். உலகத்தில் வேறு எந்த ஆய்வகத்திலும் முந்திரி வாசனையோடு மாதிரிகள் இருந்திருக்காது.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். அது இல்லாமல் அக்காவைச் சொல்ல முடியாது.

முத்து மணல் துகளிலிருந்து வருகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அப்படி வருவது அபூர்வம். சிப்பியின் மேல்தோல் செல்கள் சில, காயத்தினாலோ வேறு எதனாலோ, இடம் தவறி உள்ளே விழுந்துவிடும். விழுந்த இடத்தில் அவை கூடி ஒரு சின்னப் பையாகும். அந்தப் பை தன் நடுவில் முத்தைக் கட்டும். பண்ணையில் நாம் வைத்து வளர்க்கிற முத்தில் இதைப் பார்த்திருக்கிறார்கள். கடலில் தானாக ஆரம்பித்த ஒரு முத்துப்பையை, அறுக்காமல், முழுசாக, அதன் நடுவில் முதல் செல்கள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று நான் பார்க்க வேண்டும். என் ஆறு வருடப் படிப்பும் அந்த ஒரு காட்சியில் தொங்கிக்கொண்டிருந்தது. திறந்த சிப்பிகளில் ஒன்றிலும் ஆரம்ப நிலை முத்து இல்லை. பல்கலைக்கழகம் ஆறு மாதம் கடைசி நீட்டிப்பு கொடுத்தது. அதற்குமேல் கிடையாது என்று எழுதியும் கொடுத்தது.

அப்போதுதான் அக்காவின் தம்பி ஓர் ஈரச் சாக்கோடு வந்தார். "எக்கா, இந்தா. பார்ல ஓரமாக் கிடந்துச்சு." பார் என்றால் கடலுக்குள் சிப்பி படர்ந்து கிடக்கிற பாறைத் தளம். அவர் கொண்டுவந்த சிப்பிகளில் ஒன்றைத் திறந்தபோது, சதையின் ஓரத்தில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு புடைப்பு இருந்தது. நான் வாய்விட்டுக் கத்தினேன். அக்கா எட்டிப் பார்த்தார், மூன்று நொடி.

"எங்க தாத்தா காலத்துல கரையில குமிச்சுப் போட்டு, அழுக வச்சுத்தான் முத்து தேடுவாகளாம். நாத்தத்துல ஒருத்தரும் சோறு திங்க முடியாதாம்," என்றார். "நம்மகிட்ட இது ஒண்ணுதான் இருக்கு. மெள்ளப் பாப்போம்."

முத்தின் சுண்ணாம்பைக் கரைத்து, சதையைத் திரவத்தில் ஊறவைத்துக் கண்ணாடியாக்கி, சாயம் ஏற்றி முடிக்க மூன்று வாரம் ஆனது. கடைசியில் அது நுங்குபோல ஒளி ஊடுருவுகிற ஒரு பொட்டாகக் கிடந்தது. பிறகு அக்கா உட்கார்ந்தார். ஒளியைக் கடைசிவரை குறைத்துவைத்து, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், அதற்குமேல் இல்லை. நான் இருட்டில் பக்கத்து ஸ்டூலில்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் கனவில் நடந்ததுபோல இருக்கிறது. திரையில் முதலில் ஒன்றுமே இருக்காது, வெறும் கறுப்பு. ஒரு மட்டம் இறங்குவோம், கறுப்பு. இன்னொரு மட்டம், கறுப்பு. "வாரான்," என்று மெதுவாகச் சொல்வார் அக்கா. எங்கிருந்தோ ஒரு நீலப் புள்ளி கிளம்பி வரும். இறங்க இறங்க அது வட்டமாகும். பக்கத்தில் இன்னொன்று. பிறகு பத்து, இருபது. அவற்றைச் சுற்றி மெல்லிய பச்சை வேலி. ஒரு மட்டத்தில் வந்தவர்கள் அடுத்த மட்டத்தில் சிறுத்து மறைவார்கள், வேறு ஆட்கள் வருவார்கள். அக்காவுக்கு அவர்கள் எல்லாரும் ஆட்கள்தான். "இவன் போயிட்டான். அந்தா அடுத்தவன்." நாங்கள் மூச்சுவிடுகிற சத்தம் மட்டும் கேட்கும். தம்பி காற்றைக் கணக்குப் பார்த்துக் கடலுக்குள் இறங்குவதுபோல அக்கா வெளிச்சத்தைக் கணக்குப் பார்த்து இறங்கினார். நாலு நாளில் பையின் மேல்பாதி முடிந்தது. முத்தின் நடு கீழ்ப்பாதியில் இருந்தது.

ஐந்தாம் நாள் மாதா கோயிலில் கொடியேற்றம். அக்கா லீவு. மாதிரியை மக்ரூன் பெட்டியில் வைத்து, டேப் ஒட்டி, 'தொட வேண்டாம்' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்.

அன்றைக்குப் பார்த்து வெளியூரிலிருந்து பார்வையாளர்கள் வந்தார்கள். பெரிய இடத்து ஆட்கள், ஐந்து பேர். எங்கள் டைரக்டர் என்னைக் கூப்பிட்டு, "எடுத்த படங்களைக் காட்டுப்பா, போதும்," என்றுதான் சொன்னார். அதைச் சொல்லியாக வேண்டும், பழி அவர்மேல் இல்லை. நானும் படங்களைத்தான் காட்ட ஆரம்பித்தேன். நன்றாக இருக்கிறது என்றார்கள். கண் அகலமாகவில்லை. கடைக்கு வந்தவர்கள் எதிரே நிற்கிறார்கள், பட்டுச்சேலை அலமாரிக்குள் இருக்கிறது. என்னால் பொறுக்க முடியவில்லை. போய்ப் பெட்டியைத் திறந்தேன்.

நேரே முத்தின் நடுவுக்கு இறக்கினேன். அங்கே இருந்தார்கள். வளையம் கட்டிக்கொண்டு, நீலமும் பச்சையுமாக. படமாகச் சேமிக்கவில்லை, எத்தனை பேர் என்று எண்ணக்கூட இல்லை நான், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். உருப்பெருக்கிக் காட்டினேன். "இன்னும் கொஞ்சம் பிரைட்டா?" என்றார் ஒருவர். ஒளியைக் கூட்டினேன். ஐந்து பேரும் போனை எடுத்தார்கள். ஐந்து பேருக்கும் கண் அகலமாகிவிட்டது. என்னைப் பாராட்டிக்கொண்டே டீ குடிக்கப் போனார்கள். வழியனுப்ப நானும் கூடவே போனேன். ஒளியை மூடவில்லை.

திரும்பி வந்து பார்த்தபோது திரை கறுப்பாக இருந்தது. ஏதோ அணைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு உருவத்தைச் சிறிதாக்கினேன். சுற்றிலும் செல்கள் ஒளிர்ந்துகொண்டிருந்தன. நடுவில் ஒரு கறுப்புச் சதுரம். நான் உருப்பெருக்கிய இடம். ஸ்கேல் வைத்து வெட்டியது போன்ற நேர்க்கோட்டு ஓரங்கள். ஓர் உயிருக்குள் அப்படி ஒரு நேர்க்கோடு இருக்கவே முடியாது. ஒவ்வொரு மட்டமாக இறங்கிப் பார்த்தேன். கிணறு மாதிரி அடிவரை போயிருந்தது.

விரித்த சேலையை அப்பா திரும்ப மடித்து வைத்துவிடுவார். நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் காலை அக்கா கோயிலிலிருந்து எனக்கு ஒரு பொட்டலம் மிக்சர் கொண்டுவந்திருந்தார். நான் திரையைக் காட்டினேன். மூன்று நொடி பார்த்தார்.

"எவ்வளவு நேரம் சார்?"

"பதினெட்டு நிமிசம் இருக்கும்க்கா."

குறிப்பேட்டைத் திறந்து எழுதினார். என் பெயரை எழுதுவார் என்று காத்திருந்தேன். 'பார்வையாளர் வருகை. பதினெட்டு நிமிடம் ஒளி திறந்திருந்தது' என்று மட்டும் எழுதி மூடினார். என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏசவில்லை. "சரி, சுத்தி இருக்கதையாவது எடுப்போம்," என்று உட்கார்ந்துவிட்டார். ஏழு நாள் எடுத்தார். அதே குறைந்த ஒளி, அதே ஒரு மணி நேரம். அந்த ஓட்டையைச் சுற்றி அத்தனை பொறுமையாக. "வாரான்" மட்டும் சொல்லவில்லை.

இன்னொரு சிப்பிக்காகத் தம்பி பலமுறை இறங்கிப் பார்த்தார். கிடைக்கவில்லை. பார்வையாளர்கள் போனில் எடுத்ததைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன், திரையின் பளபளப்பில் எல்லாம் கலங்கியிருந்தது. சமர்ப்பிக்க இரண்டு மாதம் இருந்தது. நடுவில் என்ன இருந்தது என்று தெரியாமல் முத்துப்பையைப் பற்றி என்ன எழுதுவது? ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க உட்கார்ந்து நான் ஒரு காரியம் செய்தேன். ஓட்டைக்குப் பக்கத்தில் இருந்த செல்களைக் கம்ப்யூட்டரில் நகலெடுத்து, தலைகீழாக்கி, ஓரத்தை மழுப்பி, சதுரத்துக்குள் குடிவைத்தேன். பிரமாதமாக வந்தது. அதைவிடக் கேவலம் வேறில்லை. உலகத்தில் ஒருவனும் கண்டுபிடிக்க மாட்டான் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

திங்கட்கிழமை அதைத் திரையில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல இருந்தேன். அக்கா டிபன் பாக்ஸோடு உள்ளே வந்தார். போகிறபோக்கில் பார்த்தார்.

"இந்த ரெண்டும் ரெட்டப் பிள்ளையா சார்?"

"எதுக்கா?"

"இந்தா இவனும், அங்கன இருக்கானே அவனும். தலகீழா நின்னா சாடை தெரியாமப் போவுமா?" விரலால் தொட்டுக் காட்டினார். "நான் எறங்கும்போது இவுக யாரும் இங்கன இல்லையே."

எனக்குக் கோபம் வந்தது. மாட்டிக்கொண்டவனுக்கு வருகிற கோபம். "பின்ன என்ன செய்யச் சொல்லுதீக? ஆறு வருசம்க்கா! இது இல்லன்னா பட்டம் இல்ல. எங்க அப்பா கடையில போய்ச் சேலை மடிக்க வேண்டியதுதான்."

"மடிங்க," என்றார் அக்கா. "ஓட்டைய ஓட்டைன்னு போட்டா யாரும் அடிக்கப் போறாகளா? பதினோரு நாளு இருட்டுல உக்காந்து, ஒவ்வொருத்தனா எறங்கி எடுத்தேன் சார். அதுல இல்லாத ஆளக் கொண்டாந்து உக்கார வச்சா, மத்தவன எல்லாம் இனி யாரு நம்புவா?"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். மூன்று நொடி தாண்டியது. ஐந்து. பத்து. கண்ணை எடுக்கவே இல்லை. அத்தனை நாள் அவர் ஒருவரையும் அப்படிப் பார்க்காததன் அருமை எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பார்வைக்குக் கீழே உட்கார முடியவில்லை. படத்தை அழித்தேன்.

ஓட்டையோடேயே எழுதிக் கொடுத்தேன். வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் படத்தைக் காட்டி, "இது என்ன நடுவில் கறுப்பாக?" என்றார். "நான் அதிகமாகப் பார்த்துவிட்ட இடம் சார்," என்றேன். சிரித்தார். பிறகு சிரிக்காமல் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். சுற்றியிருந்த செல்கள் எந்தப் பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன என்பதை வைத்துச் சொல்ல முடிந்ததைச் சொன்னேன். சொல்ல முடியாததைத் தெரியாது என்றேன். பாதி முடிவுக்கு முழுப் பட்டம் கொடுத்து அனுப்பினார்கள்.

வெளியூரில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று மத்தியானம் அக்காவைப் பார்க்கப் போனேன். மக்ரூன் வாங்கிக்கொண்டுதான்.

"பெட்டி நல்லாருக்கு," என்றார். பிறகு ஃபிரிட்ஜைத் திறந்து, பழைய பெட்டி ஒன்றை எடுத்தார். 'தொட வேண்டாம்' என்ற எழுத்து அப்படியே இருந்தது. "திரைய இழுத்து விடுங்க சார்."

இருட்டில் கொஞ்ச நேரம் எதையோ சரிசெய்துகொண்டிருந்தார். பிறகு, "அடுத்த வாரம் அவுக வாராக," என்றார்.

"லீவாக்கா?"

"இல்ல சார். இனிமே கப்பலுக்குப் போகலையாம். இங்கனயே ஹார்பர்ல வேலை."

"நல்லதுதானக்கா."

"நல்லதுதான்." குரல் கொஞ்சம் தடுமாறியது. "எனக்கு அப்படிப் பாத்துப் பழக்கமில்லையே சார். தெனமும் கண்ணு முன்னாலயே இருந்தா நான் என்ன செய்வேன்?"

வேடிக்கையாகச் சொல்லவில்லை, நிஜமாகவே பயந்திருந்தார். எனக்கும் கேலி செய்யத் தோன்றவில்லை.

லேசரைத் தொடவில்லை அக்கா. நுண்ணோக்கியின் பெரிய விளக்கைப் போட்டார், முழு வெளிச்சத்தில். "எடுக்க வேண்டியத எல்லாம் எடுத்தாச்சு. மிச்சம் இருக்கது பாக்கதுக்குத்தானே. பாருங்க. இன்னைக்குப் போதும்னு சொல்ல மாட்டேன்."

கண்வில்லையில் கண்ணை வைத்தேன். பதினோரு நாளில் ஒருநாளும் நான் அதை இப்படிப் பார்த்ததில்லை. மட்டம் மட்டமாக இல்லாமல், பை முழுவதும் ஒரே நேரத்தில் ஒளிர்ந்தது. ஆழத்தில் இருப்பவர்கள் மங்கலாக, மேலே இருப்பவர்கள் தெளிவாக, நீலமும் பச்சையுமாக மிதந்துகொண்டிருந்தார்கள். நடுவில் என் சதுரம், கறுப்பாக. "நீங்க பாருங்கக்கா," என்று விலகினேன். அவர் குனிந்தார். நான் எண்ணினேன். முப்பதுக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். பிறகு அவர் விலகி என்னை விட்டார். நான் கொஞ்சம், அவர் கொஞ்சம். ஒவ்வொரு முறை குனியும்போதும் முன்பைவிட மங்கலாக இருந்தது. பச்சை வேலிகள் முதலில் போயின. ஓரத்து நீலங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. அவசரமே இல்லாமல் அந்த இருட்டு எல்லாப் பக்கமும் பரவியது. எனக்கு வருத்தமாக இல்லை, அதுதான் ஆச்சரியம்.

கடைசியாக அக்கா பார்த்தார். நிமிராமலே, "இப்ப அந்த ஓட்டை எங்கன இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்," என்றார்.

குனிந்து தேடினேன். எங்கும் ஒரே கறுப்பு. சதுரத்தின் ஓரம் எது, வெளி எது என்று தெரியவில்லை. எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. "இல்லக்கா," என்றேன். அவர் விளக்கை அணைத்துவிட்டு, காலிப் பெட்டியை என் கையில் கொடுத்தார்.

திரைகளை விலக்கிக்கொண்டு வெளியே வந்தோம். உச்சி வெயிலில் உப்பளம் அப்படியே தகதகத்துக்கொண்டிருந்தது. நான் கையால் கண்ணை மறைத்துக்கொண்டேன். அக்கா மறைக்கவில்லை, திரும்பவும் இல்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு, தண்ணீர் வழிய வழிய, அந்த வெள்ளையை நின்று பார்த்துக்கொண்டிருந்தார். போதும் என்று நான் சொல்லவில்லை.